ஓக் முந்தினால் மழை குறையுமா?

மே மாதத்தில் இங்கிலாந்துக் கிராமங்களுக்குப் போனால் வயலைச் சுற்றி வேலிக்கு வேலி வெள்ளை வெளேரென்று பூத்து நிற்கும் ஒரு முள்மரத்தைப் பார்க்கலாம். பெயர் ஹாதார்ன். இலை தெரியாத அளவுக்குப் பூ. அழகாக இருக்கிறதே என்று ஒரு கொத்தை ஒடித்து வீட்டுக்குள் கொண்டுபோனால், அந்தக் காலத்துப் பாட்டிமார் வாசலிலேயே மறித்துவிடுவார்கள். "வெளியே எறி அதை! உள்ளே வந்தால் வீட்டில் சாவு விழும்."

பூவுக்கும் சாவுக்கும் என்ன சம்பந்தம்? மூடநம்பிக்கை என்று ஒரே வார்த்தையில் ஒதுக்கிவிடலாம்தான். ஆனால் அப்படிச் செய்தால் நல்ல வேதியியல் பாடம் ஒன்று கைநழுவிப் போகும். அந்தப் பூவை முகர்ந்தால் முதலில் பாதாம் கலந்த மாதிரி ஓர் இனிப்பு மணம். கொஞ்சம் பொறுத்தால் அடியிலிருந்து இன்னொன்று மெல்லக் கிளம்பும்: கெட்டுப்போன மீனின் நாற்றம். அதற்குக் காரணமான பொருளின் பெயர் டிரைமெத்தில்அமீன். சந்தையில் பழைய மீன் கிடக்கும் பக்கம் போனால் மூக்கைப் பொத்துகிறோமே, அங்கேயும் இதே பொருள்தான் வேலை செய்கிறது. உயிர் போன உடல் அழுகத் தொடங்கும்போது முதலில் வெளிவருகிறவற்றில் இதுவும் ஒன்று.

இப்போது பழைய கிராமத்து வீட்டை நினைத்துப் பாருங்கள். யாராவது இறந்தால் அடக்கம் செய்யும் வரை சில நாட்கள் உடல் வீட்டில்தான் கிடக்கும். ஐஸ் பெட்டியெல்லாம் அப்போது ஏது? அந்த வாடை வீட்டில் எல்லாருக்கும் தெரியும். பிறகொரு நாள் அதே வாடை பூச்சாடியிலிருந்து வந்தால் பாட்டிக்கு என்ன தோன்றும்? 1665இல் லண்டனைக் கொள்ளைநோய் சூறையாடியபோது வீசிய வாடைதான் இந்தப் பூவின் வாடை என்றுகூட நாட்டுப்புறத்தில் ஒரு பேச்சு இருந்தது.

மரத்துக்கு எதற்கு இந்த நாற்றம்? ஈக்களுக்காகத்தான். அழுகியதைத் தேடி அலையும் ஈ, ஏமாந்து பூவுக்கு வரும். மகரந்தத்தைக் காலில் ஒட்டிக்கொண்டு அடுத்த பூவுக்குப் போகும். ஆக, பாட்டியின் மூக்கு சொன்னது சரி. பாட்டி சொன்ன காரணம்தான் தப்பு.

இங்கிலாந்துக் கிராமங்களில் இப்படிப்பட்ட சொலவடைகள் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. எல்லாவற்றையும் நம்பவும் வேண்டாம், எல்லாவற்றையும் குப்பையில் போடவும் வேண்டாம். ஒவ்வொன்றிலும் இரண்டு பாதி உண்டு. ஒன்று, கண்ணாலோ மூக்காலோ கவனித்தது. இன்னொன்று, அதற்கு அவர்களாகச் சொல்லிக்கொண்ட காரணம். இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் போதும், நீங்களும் விஞ்ஞானி மாதிரி யோசிக்க ஆரம்பித்துவிட்டீர்கள்.

தலைப்பில் கேட்ட கேள்விக்கு வருவோம். ஓக், ஆஷ் இரண்டும் அந்த ஊர்க் காடுகளின் பெரிய மரங்கள். குளிர்காலம் முழுக்க ஓர் இலைகூட இல்லாமல் நிற்கும். மற்ற மரங்கள் பலவும் பச்சைப்பசேல் என்று ஆன பிறகு, ஏப்ரல் மே வாக்கில்தான் இவை சாவகாசமாகத் துளிர்விடும். இரண்டில் எது முந்துகிறது என்று குடியானவர்கள் உன்னிப்பாகக் கவனிப்பார்கள். ஓக் முந்தினால் அந்தக் கோடையில் வெறும் தூறல். ஆஷ் முந்தினால் அடைமழை. இதுதான் கணக்கு. கோடையில்தான் அவர்கள் புல்லை அறுத்து, வெயிலில் காயவைத்து, மாட்டுக்குக் குளிர்காலத் தீவனமாகச் சேர்த்து வைப்பார்கள். அறுத்துப் போட்ட புல் நனைந்தால் பூத்துக் கெட்டுவிடும். கோடை எப்படி இருக்கும் என்று முன்கூட்டியே தெரிந்துகொள்ளத் தவித்தது நியாயம்தானே?

இலையே இல்லாத மரத்தில் எது ஓக், எது ஆஷ் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? மொட்டைப் பார்த்துத்தான். ஆஷ் மொட்டை ஒருமுறை பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். சாம்பல் நிறக் குச்சியின் நுனியில் கன்னங்கரேலென்று ஒரு பெரிய மொட்டு. அதன் இரண்டு பக்கமும் ஒட்டினாற்போல் இரண்டு சின்ன மொட்டு. தொட்டால் வெல்வெட் துணியைத் தொட்ட மென்மை. ஓக்கில் நுனியிலேயே நாலைந்து மொட்டுகள் கும்பலாக இருக்கும், பழுப்பு நிறம், ஒவ்வொன்றின் மேலும் செதில் செதிலாக அடுக்கு. செதில்கள் விலகி உள்ளே பச்சை எட்டிப் பார்க்கிற நாள்தான் கணக்கில் வரும் நாள்.

அந்த நாளை எழுதி வைத்த ஒருவர் இருந்தார். ராபர்ட் மார்ஷம். இங்கிலாந்தின் கிழக்கே நார்ஃபோக் மாவட்டத்தில், ஸ்ட்ராட்டன் ஸ்ட்ராலெஸ் என்ற ஊரில் பண்ணை வைத்திருந்தவர்; மரம் நடுவதில் பித்துப் பிடித்தவர். 1736இல் தொடங்கி, வசந்தம் வருவதைக் காட்டும் 27 அறிகுறிகளின் தேதிகளைக் குறித்துக்கொண்டே வந்தார். ஸ்னோடிராப் பூ முதலில் பூத்தது எப்போது, தவளை முதலில் கத்தியது எப்போது, தகைவிலான் குருவி கூட்டத்தோடு வந்து சேர்ந்தது எப்போது, குயில் கூவியது எப்போது, ஓக் துளிர்த்தது எப்போது என்று வருஷா வருஷம் எழுதினார். 1789இல் லண்டன் ராயல் சொசைட்டியின் ஆய்விதழில் அந்தப் பட்டியல் அச்சாயிற்று. 1797இல் மார்ஷம் இறந்தார், குறிப்பேடு நிற்கவில்லை. பிள்ளை, பேரன், அவர்களின் பிள்ளைகள் என்று அந்தக் குடும்பம் அதைத் தொடர்ந்தது, இடையில் சில காலம் விட்டுப்போனாலும் 1958 வரை. இதற்கு அவர்களுக்குத் தேவைப்பட்டதெல்லாம் காகிதமும் மையும், காட்டுக்குள் நடக்கக் கொஞ்சம் பொறுமையும்தான்.

அதே இங்கிலாந்தில் இன்னொரு பொக்கிஷமும் இருக்கிறது. நாட்டின் நடுப்பகுதியின் வெப்பநிலை 1659 முதல் மாதவாரியாகக் கிடைக்கிறது. தெர்மாமீட்டர் வைத்து அளந்த பதிவுகளில் உலகிலேயே நீளமானது இதுதான். 1990களில் ஆய்வாளர்கள் மார்ஷம் குடும்பத்தின் தேதிகளையும் இந்த வெப்பநிலைப் பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். குட்டு வெளிப்பட்டது. வசந்தத்துக்கு முந்தைய மாதங்களில் வெப்பம் கூடினால் இலை சீக்கிரம் வருகிறது, குறைந்தால் தாமதமாகிறது. அதிலும் ஓக்குக்கு வெப்பம் ரொம்ப உறைக்கும். ஒரு டிகிரி கூடினால் ஒரு வாரம் போல முந்திக்கொள்ளும். ஆஷ் அவ்வளவு அவசரப்படாது. அதே ஒரு டிகிரிக்கு அது முந்துவது அதில் பாதிதான்.

இனி பந்தயத்தை நீங்களே கணித்துவிடலாம். பிப்ரவரி, மார்ச் கதகதப்பாக இருந்தால் ஓக் முந்தும். குளிர் நீண்டுகொண்டே போனால் ஓக் தயங்கும், ஆஷுக்கு வாய்ப்பு கிடைக்கும். அதாவது, யார் முந்தினார்கள் என்பதை வைத்து முடிந்துபோன மாதங்களின் சேதியைத்தான் தெரிந்துகொள்ள முடியும். ஜூலையில் மழை கொட்டுமா என்று ஏப்ரலிலேயே அறிந்துகொள்ள எந்த மரத்துக்கும் வழியில்லை. ஹாலி மரத்தில் சிவப்புப் பழம் அதிகமாகத் தொங்கினால் கடுங்குளிர் வரும் என்பார்களே, அதற்கும் இதே பதில். பழம் அதிகமென்றால் போன வசந்தத்தில் பூவும் பூச்சியும் நன்றாக இருந்தன என்று பொருள். வரப்போகும் குளிருக்கு அது கட்டியம் கூறவில்லை.

இப்போதெல்லாம் இங்கிலாந்தில் பெரும்பாலான ஆண்டுகளில் ஓக்தான் முந்துகிறது. அந்தச் சொலவடைப்படி பார்த்தால் கோடை மழையே அற்றுப்போயிருக்க வேண்டும். அப்படி ஒன்றும் ஆகவில்லை. பூமி சூடாகிக்கொண்டு வருகிறது, அவ்வளவுதான். சர்ரே மாவட்டத்தில் ஜீன் கூம்ப்ஸ் என்ற பெண்மணி, பள்ளிக்கூடச் சிறுமியாக இருந்தபோதே மரம் துளிர்க்கும் நாளைக் கவனிக்க ஆரம்பித்தார். 1947 முதல் முறையாகக் குறித்து வைத்தார். அவர் குறிப்புகளின்படி ஓக் இப்போது 1950களில் இருந்ததைவிட இரண்டு வாரத்துக்கும் மேலாக முந்தித் துளிர்க்கிறது. அவர் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தவர் அல்ல. ஆனாலும் பருவநிலை ஆராய்ச்சியாளர்கள் அவர் நோட்டுப்புத்தகத்தைத் தேடி வந்தார்கள். அரசின் விருதும் கிடைத்தது. ஆஷ் மரத்தின் கதை சோகமானது. ஒரு பூஞ்சைநோய் 2012இல் பிரிட்டனில் முதன்முதலாகக் கண்டுபிடிக்கப்பட்டது. அது ஆஷ் மரங்களை வரிசையாகப் பட்டுப்போக வைத்துக்கொண்டிருக்கிறது. பல காடுகளில் பந்தயத்தில் ஓட ஆளே இல்லாமல் போகலாம்.

இலை ரெண்டு வாரம் முன்னாடி வந்தால் என்ன குடி முழுகிப்போகும் என்று கேட்பீர்கள். ஓக்கின் இளந்தளிர் என்றால் அந்துப்பூச்சிப் புழுக்களுக்கு உயிர். இலை முற்றிவிட்டால் தடித்துக் கசந்துபோகும்; தின்ன முடியாது. அதனால் தளிர் வரும் நேரம் பார்த்துத்தான் முட்டையிலிருந்து புழு வெளிவரும். அந்தப் புழுவை நம்பித்தான் நீலச்சிட்டு குஞ்சு பொரிக்கும். கட்டைவிரல் அளவு இருக்கும் அந்தக் குருவிக்குஞ்சு ஒன்றே நாளொன்றுக்கு 100 புழு வரை தின்னும்! கூட்டில் எட்டுப் பத்துக் குஞ்சு இருந்தால் தாயும் தகப்பனும் எத்தனை நடை நடக்க வேண்டும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். புழு மலிந்திருப்பது சில வாரங்கள்தான். இலை முந்தினால் புழு முந்த வேண்டும், புழு முந்தினால் குருவி முந்த வேண்டும். ஆக்ஸ்ஃபோர்டு அருகில் வைதம் காட்டில் 1947 முதல் இந்தச் சிட்டு இனங்களின் கூடுகளைக் கணக்கெடுத்து வருகிறார்கள். அங்கே பட்டாணிக்குருவிகள் முட்டையிடும் நாளை முன்னுக்குத் தள்ளிக்கொண்டே வந்திருக்கின்றன. எல்லா உயிரினங்களுக்கும் அப்படி ஓடிப் பிடிக்க முடிவதில்லை.

மறுபடி மழைச் சொலவடைக்கே வருவோம். ஜூலை 15 புனித ஸ்விதின் நாள். அன்று மழை பெய்தால் தொடர்ந்து 40 நாள் பெய்யும், வெயிலடித்தால் 40 நாள் வெயில் என்பார்கள். ஸ்விதின் 9ஆம் நூற்றாண்டில் வின்செஸ்டர் நகரின் ஆயராக இருந்தவர். திறந்தவெளியில் புதைத்த அவர் உடலை 971ஆம் ஆண்டு அதே நாளில் தேவாலயத்துக்குள் மாற்றியதால் கோபத்தில் மழை கொட்டியது என்பது கதை. இதைச் சரிபார்ப்பது சுலபம், நாள்காட்டியும் மழைமானியும் போதும். 1861 முதலான பதிவுகளில் ஒருமுறைகூட 40 நாள் முழு மழையோ முழு வெயிலோ வரவில்லை. ஜூலை நடுவில் வானிலை ஒரு போக்கில் நிலைகொள்ளும் பழக்கம் உண்டு என்பது மட்டும் உண்மை. மேலே வெகு உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே ஓடும் காற்றோட்டம் அந்தச் சமயத்தில் எங்கே நிற்கிறதோ அதைப் பொறுத்துச் சில வாரங்கள் ஈரமாகவோ காய்ந்தோ போகும்.

இன்னொரு தேதிக் குழப்பமும் சொல்ல வேண்டும். செப்டம்பர் 29க்குப் பிறகு பிளாக்பெர்ரி பழம் பறிக்கக் கூடாது என்பது ஒரு விதி. அன்றைக்குச் சொர்க்கத்திலிருந்து தள்ளப்பட்ட சாத்தான் முள்புதரின் மேல் விழுந்தானாம். எரிச்சலில் பழத்தின் மேல் துப்பிவிட்டானாம். சில ஊர்களில் அக்டோபர் 10 என்பார்கள். எந்தத் தேதி சரி? 1752இல் இங்கிலாந்து நாள்காட்டியை மாற்றியது. அந்த ஆண்டு செப்டம்பர் 2ஆம் தேதி இரவு படுத்தவர்கள் எழுந்தபோது தேதி 14! நடுவில் 11 நாள் காணாமல் போயின. மனிதர்கள் தேதியை மாற்றலாம், புதருக்கு அது தெரியாதே. அதனால் சிலர் பழைய தேதியைப் பிடித்துக்கொண்டார்கள். மே 1ஆம் தேதி விழாவுக்கு ஹாதார்ன் பூ கிடைக்காமல் திண்டாடியதற்கும் இந்த 11 நாள்தான் காரணம். சாத்தான் துப்பிய கதையிலும் பாதி உண்மை இருக்கிறது. இலையுதிர்காலத்துக் குளிரிலும் ஈரத்திலும் பழம் நீர்கோத்துச் சப்பென்று ஆகும், சாம்பல் நிறப் பூஞ்சணம் பிடிக்கும். ஈக்கள் பழத்தின் மேல் உட்கார்ந்து எச்சிலை உமிழ்ந்து கரைத்துத்தான் உறிஞ்சும். துப்புவது நிஜம், துப்புகிற ஆள்தான் வேறு!

குட்டிச்சாத்தான்களும் தேவதைகளும் இல்லாமல் இங்கிலாந்துக் காட்டுக் கதை முடியாது. புல்வெளியில் திடீரென்று ஒரு பெரிய வட்டம். வட்டத்தின் விளிம்பில் மட்டும் கரும்பச்சைப் புல். சில நாளில் அதே விளிம்பில் காளான் முளைத்து நிற்கும். ராத்திரியில் தேவதைகள் கைகோத்து ஆடிய தடம் அது, உள்ளே காலை வைத்தால் நீயும் ஆடிக்கொண்டே இருப்பாய், வெளியே வர முடியாது என்று பயமுறுத்துவார்கள். வட்டம் எப்படி வருகிறது? நாம் காளான் என்று பறிப்பது அந்தப் பூஞ்சையின் பழம் மட்டுமே. உடல் மண்ணுக்குள் வெள்ளை நூலாகப் பரவிக் கிடக்கிறது. ஒரு புள்ளியில் தொடங்கிய நூல், குளத்தில் கல் விழுந்தால் அலை விரிவது போல எல்லாப் பக்கமும் ஒரே சீராக விரியும். நடுவில் தீனி தீர்ந்ததும் அங்கே நூல் மடிந்துபோகும், விளிம்பு மட்டும் உயிரோடு முன்னேறும். மண்ணில் மக்கியதைத் தின்று அது நைட்ரஜனை வெளியே விடுவதால் பக்கத்துப் புல்லுக்கு நல்ல உரம்; அதனால்தான் கரும்பச்சை. வட்டத்தின் ஓரத்தில் ஒரு மண்வெட்டியளவு மண்ணைப் பெயர்த்தால் வெள்ளை நூல் பின்னிக் கிடப்பதைக் கண்ணாலேயே பார்க்கலாம். மழை பெய்து ஓய்ந்த மறுநாளும் அந்த மண் பொடிப்பொடியாகக் காய்ந்திருக்கும். நூல் அவ்வளவு நெருக்கமாக இருப்பதால் தண்ணீர் உள்ளே இறங்குவதில்லை. வருஷத்துக்கு ஒரு சாண் அளவில் நகர்ந்து நகர்ந்து, சில வட்டங்களுக்கு நூறு வயதுக்கும் மேல் ஆகியிருக்கும்.

18ஆம் நூற்றாண்டின் கடைசியில், இது பூஞ்சையின் வேலை என்று எழுதியவர்களில் ஒருவர் வில்லியம் விதரிங். பர்மிங்ஹாம் நகரத்து மருத்துவர். செடிகொடிகளில் மகா ஈடுபாடு. இவரைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஷ்ராப்ஷயர் பக்கத்தில் ஒரு பாட்டி, உடம்பில் நீர் கோத்து வீங்கியவர்களுக்குக் கைமருந்து கொடுத்து வந்தார். பெரிய டாக்டர்கள் கைவிட்டவர்கள்கூட அதில் எழுந்து நடந்தார்கள். 1775இல் அந்த மருந்தைப் பற்றி விதரிங்கிடம் கேட்டார்கள். 20க்கும் மேற்பட்ட பச்சிலைகள் சேர்ந்த கலவை. எது வேலை செய்கிறது என்று பிரித்துப் பார்த்து, ஃபாக்ஸ்குளோவ் என்ற செடிதான் என்று முடிவுக்கு வந்தார். தேவதைகள் கையுறையாக மாட்டிக்கொள்ளும் பூ என்று கதையில் வருமே, அதே ஊதாப்பூச் செடிதான். பிறகு பத்து ஆண்டு எந்த அளவில் கொடுத்தால் குணமாகும், எந்த அளவில் விஷமாகும் என்று நோயாளி நோயாளியாகக் குறித்து 1785இல் புத்தகமாக வெளியிட்டார். வீக்கத்துக்குக் காரணம் இதயத்தின் பலவீனம் என்பது பின்னால் தெளிவாயிற்று. அந்தச் செடியினத்திலிருந்து வந்த டிகாக்சின் இன்றும் இதய நோய்க்குத் தரும் மருந்து. அளவு கொஞ்சம் மீறினால் வாந்தி, கண்ணுக்கு எல்லாம் மஞ்சளாகத் தெரிவது, கடைசியில் இதயமே நின்றுபோவது. பாட்டியின் கைக்கும் விதரிங்கின் குறிப்பேட்டுக்கும் உள்ள வித்தியாசம் இந்த அளவில்தான் இருக்கிறது. காட்டுச் செடி எதையும் வாயில் வைத்துப் பரிசோதிக்காதீர்கள்.

காட்டில் வாழ்ந்தவர்கள் கதை மட்டும் சொல்லிக்கொண்டிருக்கவில்லை, வேலையும் செய்தார்கள். குளிர்காலத்தில் ஹேசல் மரத்தை அடியோடு வெட்டுவார்கள். பார்த்தால் கொலை மாதிரி இருக்கும். ஆனால் வேர் சாகாது. வசந்தத்தில் அடிக்கட்டையிலிருந்து ஒரே நேரத்தில் பத்து இருபது கழிகள் நேராகக் கிளம்பும். ஏழு முதல் பத்து ஆண்டில் மறுபடி வெட்டு. அந்தக் கழிகளைப் பிளந்து ஆட்டுக்கிடைக்குப் படல் பின்னுவார்கள், சுவருக்கு உள்ளே வைத்து மண் பூசுவார்கள். சஃபோக் மாவட்டத்துப் பிராட்ஃபீல்ட் காட்டில் 1252 முதல் இப்படி முறைபோட்டு வெட்டி வந்ததற்குப் பதிவு இருக்கிறது. இன்றும் வெட்டுகிறார்கள், காடும் இருக்கிறது.

வெட்டிய இடத்தில் வெளிச்சம் விழும். அதற்காகவே காத்திருக்கும் செடிகளில் ஒன்று புளூபெல். மேலே மரங்கள் இலை விட்டுக் கூரை போடுவதற்குள் இலை, பூ எல்லாவற்றையும் முடித்துவிட்டு, சேமித்த உணவோடு மண்ணுக்குள் கிழங்காக ஒடுங்கிவிடும். ஏப்ரல் கடைசியில் தரை முழுக்க நீலம்! புளூபெல் காட்டுக்குத் தனியாகப் போய்ப் பூப் பறிக்கும் குழந்தையைத் தேவதைகள் பிடித்துக்கொள்ளும் என்று மிரட்டி வைத்திருந்தார்கள். மிரட்டல் பொய். ஆனால் இலையை மிதித்து நசுக்கினால் அந்தக் கிழங்குக்கு அடுத்த ஆண்டுக்கான உணவு சேராது. விதை முளைத்துப் பூக்க ஐந்து ஆண்டாவது ஆகும். இப்போது தேவதைகளுக்குப் பதில் சட்டம் காவல் நிற்கிறது: 1981ஆம் ஆண்டுச் சட்டப்படி காட்டுப் புளூபெல்லைத் தோண்டி எடுப்பது குற்றம்.

மார்ஷம் செய்ததை நீங்களும் செய்யலாம். தெருவில் ஒரு வேம்பு, பள்ளிக்கூடத்தில் ஒரு கொன்றை, வாய்க்கால் ஓரத்தில் ஒரு புங்கை, ஏதாவது ஒன்றைத் தேர்ந்துகொள்ளுங்கள். முதல் தளிர், முதல் பூ, முதல் காய் எந்தத் தேதியில் வருகிறது என்று எழுதுங்கள். இந்தியாவில் மாணவர்களின் இத்தகைய குறிப்புகளைச் சேர்ப்பதற்கென்றே சீசன்வாட்ச் என்ற திட்டம் நடக்கிறது. ஆசிரியரிடம் சொல்லி அதிலும் சேரலாம். எழுதும்போது மரம் நிற்கும் இடத்தையும் ஆண்டையும் மறக்காமல் குறியுங்கள். பலரும் தேதி போட்டுவிட்டு ஆண்டை விட்டுவிடுகிறார்கள். ஆண்டு இல்லாத குறிப்பு யாருக்கும் உதவாது.